கனம் தாங்கும் லைட் ஃபிரேம் பேக்பேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாள் நடைக்குத் தயாராகிறவர்கள் பேக் வாங்கும் நேரத்தில் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் 'லைட் பேக்' என்று சொல்வது, காலியாக இருக்கும்போது சுமார் 900 கிராம் முதல் 1.6 கிலோ வரை எடையுள்ள பையை. 'கனம்' என்பது 12 முதல் 18 கிலோ வரையிலான சுமை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

ஃபிரேம்னா என்ன? அது இல்லாத பேக்குக்கும் இதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பேக்கின் முதுகுப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் விறைப்பான பாகம்தான் ஃபிரேம். அலுமினியப் பட்டை, கார்பன் குழாய், பிளாஸ்டிக் தகடு என்று எதுவாகவும் இருக்கலாம். வேலை ஒன்றுதான்: பைக்குள் இருக்கும் எடையை இடுப்பு பெல்ட்டிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இடுப்பெலும்பும் கால்களும் நாள் முழுக்க எடை தாங்கக்கூடியவை. தோள் அப்படி இல்லை. அங்கே வாருக்கு அடியில் அழுந்துவது தசையும் நரம்பும் ரத்தக் குழாயும்.

ஃபிரேம் இல்லாத பையில் எடை ஏற ஏறத் துணி மடங்கிக் கீழே உட்கார்ந்துவிடும். தோள்வார் தைத்திருக்கும் இடத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே உள்ள தூரம் சுருங்கும். நாலு சென்டிமீட்டர் சுருங்கினாலே போதும், பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் எடை தோளில்தான் தொங்கும். இதை அளந்தே பார்க்கலாம். காலிப் பையில் அந்தத் தூரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 15 கிலோ ஏற்றி மாட்டிக்கொண்டு, பத்து நிமிஷம் நடந்துவிட்டு, கூட இருப்பவரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நல்ல ஃபிரேம் என்றால் அளவு ஏறக்குறைய மாறாது.

எத்தனை கிலோ வரைக்கும் ஃபிரேம் இல்லாம ஓட்டலாம்?

மொத்தச் சுமை 9, 10 கிலோவுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்கள் ஃபிரேம் இல்லாமலே நன்றாக நடக்கிறார்கள். ஃபோம் பாயை மடித்து முதுகுப் பக்கம் செருகினால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ தாங்கும். 12 கிலோவைத் தாண்டினால் நான் ஃபிரேம் இல்லாத பையைச் சிபாரிசு செய்வதே இல்லை. நடுவில் உள்ள இரண்டு கிலோ அவரவர் உடம்பையும் பாதையையும் பொறுத்தது.

என்கிட்ட இருக்கறது எல்லாமே லைட் சாமான்தான். எனக்கு எதுக்கு கனம் தாங்கற பேக்?

சாமான் லைட்டாக இருந்தாலும் சாப்பாடும் தண்ணீரும் லைட் ஆவதில்லை. ஒரு கணக்குப் போடுவோம். கூடாரம், தூங்கும் பை, உடை, அடுப்பு, பேக் எல்லாம் சேர்ந்து அடிப்படை எடை 6.5 கிலோ. இது நல்ல லைட்டான கணக்கு. வழியில் எங்கும் வாங்க முடியாத எட்டு நாளுக்கு, நாளுக்கு 750 கிராம் வீதம் உலர் உணவு 6 கிலோ. தண்ணீர் கிடைக்காத பகுதிக்கு 4 லிட்டர், அதாவது 4 கிலோ. எரிபொருள் அரைக் கிலோ. கூட்டினால் 17 கிலோ.

அதே ஆள் கடைசி நாள் காலையில் ஒரு லிட்டர் தண்ணீரோடு கிளம்பும்போது எட்டேகால் கிலோவுக்கு மேல் இருக்காது. பேக் தேர்ந்தெடுக்கும்போது பலர் இந்த இரண்டாவது எண்ணையோ, இரண்டுக்கும் சராசரியையோ மனதில் வைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது முதல் எண்ணை. உடம்பு இன்னும் பழகாத நாளில்தான் அந்த 17 கிலோ முதுகில் ஏறுகிறது. அன்றைக்குத் தோளும் இடுப்பும் புண்ணானால் அது அடுத்தடுத்த நாளும் கூடவே வரும்.

அப்போ எத்தனை லிட்டர் பை எடுக்கணும்?

மேலே சொன்ன கணக்குக்கு 50 முதல் 60 லிட்டர். சாமானுக்கு முப்பது, முப்பத்தைந்து லிட்டர். ஒரு நாள் உணவு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் இடம் பிடிக்கும். இரண்டு பை அளவுகளுக்கு நடுவில் தயங்கினால் பெரியதை எடுங்கள். ஒரே மாடலில் 50க்கும் 60க்கும் எடை வித்தியாசம் பொதுவாகச் சொற்பம், மேல்வாயைச் சுருட்டி மூடும் பை என்றால் மீதித் துணியைச் சுருட்டிக்கொள்ளலாம். சின்னப் பையில் இடமில்லாமல் கூடாரத்தையும் பாயையும் வெளியே கட்டித் தொங்கவிட்டால், லைட் பேக் வாங்கிய லாபம் அந்த ஆட்டத்திலேயே போய்விடும்.

லிட்டர் கணக்கை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப் 2153 என்று ஒரு அளவுமுறை இருக்கிறது. 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளை நிரப்பி அளப்பார்கள். எல்லா நிறுவனமும் இதைப் பின்பற்றுவதில்லை. சிலர் வெளிப்பக்கப் பாக்கெட்டுகளையும் மொத்தத்தில் சேர்த்துவிடுவார்கள், சிலர் உள்பையை மட்டும் சொல்வார்கள். அதனால் ஒருவருடைய 60 லிட்டரும் இன்னொருவருடைய 50 லிட்டரும் கிட்டத்தட்ட ஒரே பையாக இருக்கக்கூடும். உள்பை மட்டும் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள்.

நான் ஆறடி உயரம். லார்ஜ் சைஸ்தானே எடுக்கணும்?

உயரம் ஒன்றும் சொல்லாது, முதுகு நீளம்தான் பேசும். கால் நீளமான ஆறடிக்காரருக்கு மீடியம் பொருந்துவதும், உடல் நீளமான ஐந்தரை அடிக்காரருக்கு லார்ஜ் தேவைப்படுவதும் சர்வசாதாரணம்.

அளப்பது சுலபம். தலையைக் குனியுங்கள், கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு கைக்குத் தட்டுப்படும். அது ஏழாவது கழுத்தெலும்பு. பிறகு இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள். விரல்கள் முதுகெலும்பைத் தொடும் இடம்தான் கீழ்ப்புள்ளி. இரண்டுக்கும் நடுவே முதுகின் வளைவை ஒட்டி டேப்பை வைத்து இன்னொருவர் அளக்க வேண்டும். தனியாக அளந்தால் உடம்பு திரும்பிவிடும், அளவு தப்பும். லைட் பேக்குகளில் பல, முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடியாதவை. எடை குறைக்க அந்த ஏற்பாட்டைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். அதனால் சைஸ் தப்பினால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

பெல்ட்டை வயித்துல கட்டினா மூச்சு முட்டுது. எங்க கட்டணும்?

வயிற்றில் கட்டவே கூடாது. பெல்ட்டின் மெத்தைப் பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பை நடுவில் பிடித்துக்கொண்டு, பாதி மேலேயும் பாதி கீழேயுமாக உட்கார வேண்டும். அப்போது பக்கிள் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரும். பெல்ட் சைஸுக்கு அளக்க வேண்டியது அந்த எலும்பைச் சுற்றித்தான். பேன்ட் சைஸை வைத்து வாங்கினால் தப்பும்.

இறுக்கிய பிறகு முன்பக்கம் இரண்டு மெத்தைக்கும் நடுவே ஒரு கையகலமாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். வாரக்கணக்கில் நடப்பவர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் நீண்ட நடையில் இடுப்பு இளைக்கும். கிளம்பும் நாளிலேயே மெத்தைகள் முட்டிக்கொண்டு நின்றால், இளைத்த பிறகு பெல்ட்டை இறுக்க இடமே இருக்காது. பெல்ட்டைத் தனியாகக் கழற்றி வேறு சைஸ் மாட்டக்கூடிய பேக் என்றால் கூடுதல் நல்லது.

ஃபிரேம்ல இத்தனை வகை இருக்கே, எதை எடுக்கறது?

கொஞ்சம் வரலாறு சொன்னால் புரியும். 1952இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியக் குழாயால் செய்த வெளிஃபிரேம் பேக்குகளை விற்கத் தொடங்கினார். சுமை நடுங்காமல் இடுப்புக்கு இறங்கியது, ஆனால் பேக் உடம்போடு ஒட்டாது. 1967இல் கிரெக் லோ உள்ஃபிரேம் பேக்கைக் கொண்டுவந்தார். ஏறி இறங்கும்போது பை உடம்போடு சேர்ந்து அசைந்தது. இன்றைய லைட் ஃபிரேம்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பவை.

முதல் வகை, ஒன்று அல்லது இரண்டு தட்டையான அலுமினியப் பட்டைகள். ஸ்டே என்பார்கள். ஹைப்பர்லைட் நிறுவனத்தின் சவுத்வெஸ்ட் பேக் இப்படித்தான், இரண்டு ஸ்டே, கழற்றவும் செய்யலாம். முதுகு வளைவுக்கு ஏற்ப வளைக்க முடிவது இதன் பெரிய பலம். இரண்டாவது, பையின் ஓரத்தைச் சுற்றி வரும் வளையம் அல்லது கவிழ்த்த 'ப' வடிவக் குழாய். டர்ஸ்டன் கக்வாவில் அலுமினியக் குழாய் நேராக பெல்ட்டுக்கே போய்ச் சேர்கிறது. யூஎல்ஏ சர்க்யூட்டில் வளையமும் உண்டு, நடுவில் ஒரு அலுமினிய ஸ்டேயும் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை இந்த வகை நன்றாக அடக்கும். மூன்றாவது, கார்பன். ஸீபேக்ஸ் ஆர்க் ஹால் போன்றவற்றில் கார்பன் கம்பிகளை வில்லாக வளைத்து முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்றுப்புக விடுகிறார்கள். எடை மிகக் குறைவு, ஆனால் கார்பன் வளைந்து எச்சரிக்காது, ஒடிந்தால் ஒரேயடியாக ஒடியும். நான்காவது, பிளாஸ்டிக் தகடு. தனியாக இருந்தால் 12 கிலோவுக்கு மேல் அதுவே வளைய ஆரம்பிக்கும். ஸ்டேயோடு சேர்ந்து வந்தால் முதுகில் சாமான் குத்தாமல் காக்கும்.

எந்த வகை என்பதைவிட நான் முதலில் பார்ப்பது ஃபிரேமின் கீழ்முனையை. அது பெல்ட்டுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கிறதா, அல்லது பையின் அடித்துணியில் முடிந்து, பெல்ட் தனியாக வெல்க்ரோவில் தொங்குகிறதா? இரண்டாவது என்றால், எவ்வளவு உறுதியான ஃபிரேமும் மணலில் நட்ட தூண் மாதிரிதான். கனம் ஏறியதும் பெல்ட் கீழே நழுவும், எடை தோளுக்குப் போகும். கடையில் பேக்கைக் கவிழ்த்துப் போட்டு, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். 16, 18 கிலோவை அடிக்கடி சுமக்கப் போகிறவர்கள், சீக் அவுட்சைட் போல வெளிஃபிரேமையே லைட்டாகச் செய்பவர்களின் பைகளையும் பார்க்க வேண்டும். கனமான சுமையை இடுப்புக்கு இறக்குவதில் அந்தப் பழைய முறைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

முதுகு ரொம்ப வேர்க்குது. வலை வச்ச பேக் வாங்கினா தேவலையா?

ஆஸ்ப்ரே எக்ஸோஸ் போல முதுகுக்கு இழுத்துக் கட்டிய வலை வைத்த பேக்குகள் காற்றோட்டத்தில் கெட்டி. 12, 13 கிலோ வரை எனக்கும் அவை பிடிக்கும். அதற்கு மேல் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. வலைக்கும் பைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி, சுமையை அவ்வளவு தூரம் பின்னால் தள்ளிவைக்கிறது. முதுகெலும்பிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருந்த எடை 20 சென்டிமீட்டருக்குப் போனால், பின்னால் சாய்க்கும் திருப்பு விசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதைச் சமன்செய்ய நீங்கள் நாள் முழுக்க முன்னால் குனிந்தே நடப்பீர்கள்.

வேர்வையைச் சட்டை மாற்றிச் சமாளிக்கலாம். இடுப்பு வலியை அப்படிச் சமாளிக்க முடியாது. சுமை அடிக்கடி 14 கிலோவைத் தாண்டும் என்றால், முதுகோடு ஒட்டி நிற்கும் பேக்கைத்தான் எடுப்பேன்.

கம்பெனிக்காரங்க 18 கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்காங்களே, நம்பலாமா?

பை கிழியாது என்ற அளவில் நம்பலாம். உங்களுக்கு வலிக்காது என்ற அளவில் நம்ப வேண்டாம். லிட்டருக்காவது ஒரு அளவுமுறை இருக்கிறது. சுகமாகச் சுமக்கும் எடைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது, ஒவ்வொருவரும் தங்கள் சோதனையை வைத்துச் சொல்கிறார்கள். சிலர் 'வசதியான எடை', 'அதிகபட்ச எடை' என்று இரண்டு எண் தருவார்கள். முதல் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எண் இருந்தால் இரண்டு மூன்று கிலோ கழித்துக்கொண்டு, மூன்றாவது கேள்வியில் போட்ட உங்கள் முதல்நாள் எடையோடு ஒப்பிடுங்கள்.

தோளுக்கு மேல ஒரு சின்ன வார் இருக்கே, அது எதுக்கு?

அதுதான் லோட் லிஃப்டர். தோள்வாரின் மேல்பகுதியிலிருந்து ஃபிரேமின் உச்சிக்குப் போகும். இழுத்தால் பையின் மேல்பக்கம் உடம்போடு நெருங்கும், தோளின் மேல் அழுத்தும் வாரும் சற்றுத் தூக்கிக்கொள்ளும். இது வேலை செய்ய, பக்கவாட்டில் பார்க்கும்போது வார் தோளிலிருந்து மேல்நோக்கி சுமார் 45 டிகிரி சாய்வில் போக வேண்டும். அதற்கு ஃபிரேம் தோளைவிட உயரமாக இருக்க வேண்டும். வார் படுக்கையாகவோ கீழ்நோக்கியோ போனால் அது பையை இழுத்துப் பிடிக்குமே தவிர எதையும் தூக்காது. 15 கிலோவுக்கு மேல் சுமப்பவர்கள் இது இல்லாத பேக்கை எடுக்காமல் இருப்பது நல்லது.

ரன்னிங் வெஸ்ட் மாதிரி அகலமான வார் வச்ச பேக் எப்படி?

போனும் தண்ணீர்ப் பாட்டிலும் நெஞ்சிலேயே கைக்கு எட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அமைப்பு சுமையைத் தோளிலும் நெஞ்சிலும் பரப்புவதற்காக உருவானது. இங்கே நமக்கு வேண்டியது சுமையை அங்கிருந்து இறக்குவது. 10 கிலோவுக்குள் நடப்பவர்களுக்குப் பொருத்தம்.

துணியில டைனீமா, ரோபிக், அல்ட்ரான்னு என்னென்னவோ சொல்றாங்க. எது நல்லது?

முதலில் டெனியர் என்ற எண். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 100 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூல் 100 கிராம். ஒரே இழை என்றால் எண் கூடக் கூடத் துணி தடிக்கும். வேறு வேறு இழைகளை டெனியரை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

ரோபிக் உறுதியான நைலான் வகை. மலிவு, மென்மை, தையல் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும், நனைந்தால் எடை கூடும். டைனீமாவும் அல்ட்ராவும் மிக உறுதியான பாலிஎதிலீன் இழையை நம்பியவை. நீரை உறிஞ்சாது, அறுபடுவது கடினம். நெருப்பு மட்டும் ஆகாது, 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இழை உருகிவிடும். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மெல்லிய தாள்களாக ஒட்டிச் செய்யப்படுவதால் நாளடைவில் அடுக்குகள் பிரியவும் கூடும். எக்ஸ்பேக், நைலானோ பாலியஸ்டரோ மேலே இருக்க, குறுக்குநூல் வைத்து ஒட்டிய துணி. நடுத்தரமான தேர்வு.

என் கருத்தில், துணியால் மிச்சமாகும் நூறு நூற்றைம்பது கிராமுக்காகப் பொருத்தமில்லாத ஃபிரேமை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரே பேக் இரண்டு துணியில் கிடைத்தால், அப்போது துணியைப் பற்றி யோசிக்கலாம். அடிப்பாகம் மட்டும் தடித்த துணியாக இருக்கட்டும். பாறையில் தேய்வது அதுதான்.

பெண்களுக்குன்னு தனியா வர்ற பேக் நிஜமாவே வேறயா, கலர் மட்டும்தானா?

நல்ல நிறுவனங்களில் நிஜமாகவே வேறு. முதுகு நீளம் குறைவாக இருக்கும், தோள்வார்கள் நெருக்கமாகத் தொடங்கி 'எஸ்' வடிவில் மார்பைச் சுற்றி வளையும், பெல்ட் மெத்தை அகன்ற இடுப்புக்கு ஏற்பச் சாய்ந்திருக்கும். ஆனால் இது உடம்பின் அமைப்பைப் பற்றியது. ஒல்லியான, குட்டை முதுகுள்ள ஆண்களுக்கு இது பொருந்தியதையும், அகன்ற தோளுள்ள பெண்களுக்கு மற்றது பொருந்தியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் மாட்டிப் பாருங்கள்.

ரெயின் கவர் கூட வரலை. பரவாயில்லையா?

பரவாயில்லை. கவர் முதுகுப் பக்கத்தை மூடாது, முதுகு வழியாக வடியும் தண்ணீர் உள்ளே போகும். பைக்குள் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் லைனரை விட்டு, தூங்கும் பையையும் உடையையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிவிடுங்கள். நீர்புகாத துணி என்று சொல்லி விற்கும் பைக்கும் இதையே செய்யுங்கள். தையல் துளைகள் டேப் ஒட்டாமல் விடப்பட்டிருந்தால் அவை வழியாகத் தண்ணீர் வரும்.

கடையில பத்து நிமிஷம் மாட்டிப் பார்த்தா தெரிஞ்சிடுமா?

பத்து நிமிஷத்தில் எல்லாப் பேக்கும் நன்றாகத்தான் இருக்கும். அரை மணி நேரமாவது வேண்டும், படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்க வேண்டும். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோதியுங்கள். உங்கள் சொந்தச் சாமானைப் போடுங்கள், உணவுக்குப் பதிலாகப் போர்வைக்குள் சுற்றிய தண்ணீர்ப் பாட்டில்களை வையுங்கள். மணல் மூட்டையும் டம்பெல்லும் வேண்டாம். எடை ஒரே இடத்தில் குவிந்து, பேக் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் பெல்ட்டை இடுப்பெலும்பில் உட்காரவைத்து இறுக்குங்கள். அடுத்து தோள்வார், உடம்பைத் தொடும் அளவுக்கு மட்டும். பிறகு லோட் லிஃப்டர், கடைசியில் நெஞ்சுவார். இப்போது தோள்வாரை முழுவதும் தளர்த்திப் பாருங்கள். பேக் பின்னால் சாயும், அது சரி. ஆனால் பெல்ட் இறங்கக் கூடாது, இடுப்பில் எடை மாறாமல் நிற்க வேண்டும். இறங்கினால் அந்தப் பேக் உங்களுக்கானது இல்லை.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பார்த்து வாங்கினேன். ஆனாலும் தோள் வலிக்குது. ஏன்?

முதலில் அடுக்கும் விதம். உணவு, தண்ணீர் போன்ற கனமானவை முதுகை ஒட்டி, நடுமுதுகு உயரத்தில் இருக்க வேண்டும். தூங்கும் பை அடியில், லேசானவை வெளிப்பக்கம். வெளிப் பாக்கெட்டில் இரண்டு லிட்டர் தண்ணீரைத் தொங்கவிட்டால், வலைப் பேக் பற்றிச் சொன்ன அதே பின்னிழுப்பு இங்கேயும் வரும்.

அடுத்து, நடக்க நடக்கப் பெல்ட் இறங்குகிறதா பாருங்கள். வழுக்கும் துணியில் தைத்த பேன்ட்டில் இது அதிகம். மணிக்கொருமுறை பேக்கைத் தூக்கிப் பெல்ட்டை மறுபடி கட்டுவது பழக்கமாக வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் வலித்தால், முதல் கேள்வியில் சொன்ன டேப் சோதனையைச் செய்யுங்கள். சுருங்கினால் ஃபிரேம் போதவில்லை. சுருங்காமல், தோளுக்கும் வாருக்கும் நடுவே மேலே இடைவெளி தெரிந்தால் பேக் உங்களுக்கு நீளம். வார் தோளைச் சுற்றி முதுகில் ரொம்பக் கீழே இறங்கிப் போனால் பேக் குட்டை.

ரெண்டாம் நாள் தொடை பக்கம் மரத்துப் போகுது. சில பேருக்கு கை விரல் மரத்துப் போகுதாம். பயப்படணுமா?

இரண்டும் வேறு வேறு. தொடையின் வெளிப்பக்கத்துக்குத் தொடுவுணர்வு தரும் நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி இறங்குகிறது. பெல்ட் அங்கே அழுத்தினால் எரிச்சலும் மரப்பும் வரும். பெல்ட்டை ஒரு விரல் அளவு மேலே ஏற்றிக் கட்டுங்கள், எலும்பின் முனையில் அழுத்தாத வேறு வடிவ பெல்ட்டை முயலுங்கள். பெரும்பாலும் தணிந்துவிடும்.

கை மரப்பது கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். தோள்வார் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள நரம்புக் கற்றையை அழுத்துவதால் வருவது. ராணுவ வீரர்களிடம் அதிகம் கண்ட இதற்கு மருத்துவத்தில் ரக்சாக் பால்ஸி, அதாவது முதுகுப்பை வாதம், என்றே பெயர் இருக்கிறது. ஃபிரேமும் இடுப்பு பெல்ட்டும் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன. விரல் கூசினால் உடனே நின்று சுமையை இறக்கி, எடையை இடுப்புக்கு மாற்றுங்கள். கையைத் தூக்கவே பலமில்லை என்றாலோ, மரப்பு ஓய்வெடுத்தும் போகவில்லை என்றாலோ நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தாங்கிக்கொண்டு நடந்து காட்ட வேண்டிய விஷயம் இல்லை இது.

ஸ்டேயை நானே வளைக்கலாமா? ஒடிஞ்சிடாதா?

வளைக்கலாம், வளைக்க வேண்டும். நேரான ஸ்டே கீழ்முதுகில் இடைவெளி விட்டு, தோள்பட்டை எலும்பில் இடிக்கும். ஸ்டேயை வெளியே எடுத்து, இயல்பாக நிற்கும் ஒருவரின் முதுகெலும்பை ஒட்டி வைத்துப் பாருங்கள். எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே மேசை விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளைத்து, மறுபடி வைத்துப் பாருங்கள். கூர்மையான மடிப்பு விழக் கூடாது, நீண்ட வளைவாக வர வேண்டும். 7075 ரக அலுமினியம் விறைப்பானது, திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் வளைத்தால் விரிசல் விடும். அதனால் குறைவாக வளைத்துத் தொடங்குங்கள். கார்பனை வளைக்க முயலவே வேண்டாம்.

யாரோ யூஸ் பண்ணின பேக் பாதி விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்கணும்?

உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ உள்பூச்சு சிதைந்துகொண்டிருக்கிறது, வாங்க வேண்டாம். ஸ்டே முனை உட்காரும் பாக்கெட்டின் அடியைப் பாருங்கள், துளை விழுவது அங்கேதான். தோள்வார் தைத்த இடத்தில் நூல் இழுபட்டிருக்கிறதா, பெல்ட் ஃபோமைக் கிள்ளினால் திரும்ப எழும்புகிறதா என்று பாருங்கள். பக்கிள் மாற்றுவது சுலபம், அதற்காகத் தயங்க வேண்டாம். எல்லாம் சரி, ஆனால் முதுகு சைஸ் மட்டும் ஒரு அளவு தப்பு என்றால், பாதி விலையும் அதிக விலைதான்.

கரடி டப்பா கட்டாயம்னு சொல்ற இடத்துக்குப் போறேன். அது லைட் பேக்குக்குள்ள போகுமா?

அமெரிக்காவின் சியரா நெவாடா மலைப்பகுதியில் பல இடங்களில் உணவை, கரடி திறக்க முடியாதபடி செய்த இப்படிப்பட்ட டப்பாவில் வைப்பது சட்டம். பலரும் எடுத்துப்போகும் பேர்வால்ட் பிவி500 சுமார் 11.5 லிட்டர் கொள்ளும், காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் எடை. உணவு நிரப்பினால் சுமையிலேயே கனமான பொருள் அதுதான். எனவே பேக்குக்குள் நிமிர்த்தி, முதுகை ஒட்டி, நடு உயரத்தில் உட்கார வேண்டும். உருண்டை டப்பா முதுகில் உருளாமல் இருக்க, ஸ்டேக்களுக்கு நடுவே தகடோ மடித்த ஃபோம் பாயோ வேண்டும். இடுப்பருகே குறுகும் வடிவத்தில் தைத்த பைகளில் டப்பா மேலேயே சிக்கிக்கொள்ளும். டப்பாவைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்காமல் இந்தப் பயணத்துக்குப் பேக் வாங்காதீர்கள்.

முதல் மூணு நாள்தான் கனம், அப்புறம் குறைஞ்சிடும். அந்த மூணு நாளுக்காக அரைக் கிலோ கூடுதல் பேக்கைக் கடைசி வரைக்கும் சுமக்கணுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன். 800 கிராம் பேக்கையும் சேர்த்து மொத்தம் 17 கிலோ ஏற்றி, ஃபிரேம் வளைந்து, அதில் பாதி தோளுக்குப் போனால் தோளில் எட்டரைக் கிலோ. 1.3 கிலோ பேக்கில் மொத்தம் 17.5 கிலோ. பொருந்திய ஃபிரேமும் பெல்ட்டும் முக்கால் பங்கை இடுப்புக்கு இறக்கினால், தோளில் நாலரைக் கிலோவுக்கும் குறைவு. தராசில் அரைக் கிலோ கூடியது, தோளில் நாலு கிலோ குறைந்தது.

ஆனால் பதில் எல்லோருக்கும் ஒன்றல்ல. முழு நடையிலும் ஒரே ஒரு முறைதான் கனம் வரும், மற்றபடி மூன்று நாலு நாளுக்கொருமுறை உணவு வாங்கிக்கொள்ளலாம் என்றால், ஸ்டேயைக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பேக் எடுங்கள். கனமான பகுதிக்கு ஸ்டேயோடு போகலாம், மற்ற இடங்களில் கழற்றி, வழியில் அடுத்து வரும் ஊருக்குத் தபாலில் அனுப்பிவிடலாம். எட்டு நாள் உணவும் நாலு லிட்டர் தண்ணீரும் திரும்பத் திரும்ப வரும் பாதை என்றால் தயங்காமல் அரைக் கிலோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எடையை வேறெங்காவது குறைக்காமல் மனசு கேட்காது என்றால், பேக்கின் மேல்மூடியையும் தேவையில்லாத பாக்கெட்டுகளையும் கழற்றுங்கள், உடைப் பையைத் திறந்து இரண்டாவது ஜோடிச் சட்டையை எடுத்து வெளியே வையுங்கள். ஃபிரேமிலும் பெல்ட்டிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.